சிந்துபாத் நாடகம்: எது அரபுக் கதை, எது சினிமா ஒட்டியது?

மண்டபம் டீச்சர்:

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேரை வைத்து ஆண்டு விழாவில் 40 நிமிட சிந்துபாத் நாடகம் போட வேண்டும். சிந்துபாத் யார் என்று வகுப்பில் கேட்டால் கப்பல் கேப்டன், கடற்கொள்ளையன், லைலாவுக்காகத் தீவு தீவாக அலைபவன், ஒற்றைக்கண் ராட்சசனைக் கொன்றவன் என்று ஆளுக்கொரு பதில் வருகிறது. கையில் இருக்கும் வசனமும் அதே கலவைதான். முதல் காட்சியில் மந்திரவாதி, அடுத்ததில் இளவரசி, அதற்கடுத்து வாள்சண்டை. போதாக்குறைக்கு சிந்துபாத் கீழக்கரையில் இறங்கி முத்து வாங்குவதாக ஒரு காட்சி.

அரபுக் கதையில் உள்ளபடி அவன் யார்? எவையெல்லாம் பிறகு வந்து ஒட்டியவை? கீழக்கரைக் காட்சியை வைக்கலாமா? கப்பலை அட்டையிலும் கயிற்றிலும் செய்ய முடியுமா? மேடை 20 அடி அகலம், 12 அடி ஆழம், செலவுக்கு 4000 ரூபாய். முன்வரிசையில் உட்காரப்போவது வல்லம், வத்தை என்று மீன்பிடிப் படகு ஓட்டுகிற அப்பாக்கள். கப்பல் கோணலாக இருந்தால் சிரித்தே கவிழ்த்துவிடுவார்கள்.

கீழக்கரை காக்கா:

டீச்சர், அவன் வியாபாரி. கேப்டன் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வசனம் தானாகத் திருந்திவிடும்.

கதை நடப்பது கலீஃபா ஹாரூன் ரஷீத் காலம், அதாவது 786 முதல் 809 வரை. வீடு பாக்தாதில். சரக்கு வாங்கிக் கட்டி, ஆற்றுவழியாக பஸ்ராவுக்கு இறங்கி, அங்கே அடுத்தவர் கப்பலில் கூலி கொடுத்து ஏறுவான். ஐந்தாம் பயணத்தில்தான் சொந்தமாகக் கப்பல் வாங்குகிறான். அதையும் ருக் என்ற ராட்சசப் பறவை பாறாங்கல்லைப் போட்டு உடைத்துவிடுகிறது. வாளை உருவிச் சண்டை போடும் ஆளே இல்லை. தலைப்பாகைத் துணியால் ருக்கின் காலோடு தன்னைக் கட்டிக்கொண்டு பறப்பான். பாம்பு விழுங்காதபடி உடம்பைச் சுற்றிக் கட்டையைக் கட்டிக்கொண்டு படுப்பான். தோளில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும் கடல் கிழவனுக்குத் திராட்சை மது கொடுத்துச் சாய்ப்பான். அகில் கட்டைகளைப் பிணைத்துத் தெப்பம் கட்டுவான். ஒவ்வொரு முறையும் கயிறு, கட்டை, புத்தி, கொஞ்சம் அதிர்ஷ்டம். ஊர் திரும்பும்போது கையில் சரக்கு இருக்கும். ஐந்தாம் பயணத்தில் குரங்குகள் மீது கூழாங்கல் எறிந்து, அவை கோபத்தில் திருப்பி எறியும் தேங்காயைப் பொறுக்கி, அந்தத் தேங்காயைக் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்குகிறான். சினிமா முதலில் தூக்கி எறிந்தது இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான். என் கணக்கில் கதையின் ருசியே அதில்தான் இருக்கிறது.

இன்னொருவனையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். இன்னொரு சிந்துபாத், சுமைதூக்கி. வெயிலில் மூட்டையோடு வந்து பணக்கார வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து, "ஒருத்தன் சுகத்தில் கிடக்கிறான், நான் சுமையில் சாகிறேன்" என்று பாட்டுக் கட்டிப் பாடுவான். வீட்டுக்காரன் உள்ளே கூப்பிட்டு, சோறு போட்டு, "இந்தச் சொத்து சும்மா வரவில்லை" என்று ஒரு பயணத்தைச் சொல்லி, நூறு பொற்காசு கொடுத்து, நாளைக்கும் வா என்று அனுப்புவான். ஏழு நாள் ஏழு பயணம். உங்கள் நாடகத்துக்கு இதைவிடத் தோதான சட்டம் கிடையாது. மேடையின் இடது ஓரத்தில் ஒரு பாய், ஒரு திண்டு, இரண்டு சிந்துபாத்களும் கடைசிவரை அங்கேயே உட்காரட்டும். பயணங்கள் மீதி மேடையில் நடக்கட்டும். காட்சி மாற்றும் நேரத்தை அவர்கள் பேச்சே நிரப்பிவிடும்.

எவை பிறகு ஒட்டியவை என்று கேட்டீர்கள். ஒட்டுவேலை சினிமாவுக்கு ரொம்ப முன்பே தொடங்கிவிட்டது. ஆயிரத்தொரு இரவுகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கையெழுத்துப் பிரதியில் சிந்துபாத்தே இல்லை. அது தனியாக உலவிய கதைக்கோவை. கலான் என்ற பிரெஞ்சுக்காரர்தான் அதைத் தனியாக மொழிபெயர்த்து, 1704ல் தன் ஆயிரத்தொரு இரவுகள் நூலுக்குள் சேர்த்தார். உங்கள் ஒற்றைக்கண் ராட்சசனும் அவர் நூல்வழியேதான் பரவினான். மூன்றாம் பயணத்தில் மனிதர்களைச் சுட்டுத் தின்னும் ராட்சசனுக்கு அச்சில் வந்த அரபுப் பிரதிகளில் நெருப்புக் கங்கு போல இரண்டு கண்கள். கப்பல்காரர்கள் இரண்டு இரும்புக் கம்பியைக் காய்ச்சித்தான் குருடாக்குகிறார்கள். கலானில் நெற்றி நடுவே ஒரே கண். கிரேக்கக் கதை படித்த ஐரோப்பிய வாசகனுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. ஏழாம் பயணத்துக்கும் இரண்டு வடிவம் உண்டு. ஒன்றில் மாதம் ஒருமுறை சிறகு முளைக்கும் ஊர்க்காரர்கள். மற்றதில் கலீஃபாவின் தூதனாக சரந்தீபுக்கு, அதாவது இலங்கைக்குப் போய், திரும்பும் வழியில் கொள்ளையரிடம் சிக்கி, அடிமையாக விற்கப்பட்டு, யானைத் தந்தம் சேர்க்கும் கதை. எதை எடுத்தாலும் அது அசல்தான்.

கீழக்கரைக் காட்சியை எடுத்துவிடுங்கள். என் சொந்த ஊர் என்பதால்தான் கறாராகச் சொல்கிறேன். ஆறாம் பயணத்தில் சரந்தீப் பெயரோடு வருகிறது. ஆதம் மலையும் வருகிறது. நம் கரையின் எந்த ஊர்ப்பெயரும் வருவதில்லை. அந்தக் காலத்து அரபுக் கப்பல் வழி கொல்லத்திலிருந்து இலங்கையைத் தெற்கே சுற்றி நிக்கோபார் பக்கம் போவது. ஆதம் பாலத் திட்டில் பல இடங்களில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லையென்று உங்கள் பிள்ளைகளுக்கே தெரியும். பெரிய மரக்கலம் அதைத் தாண்டாது.

நம் கரையைக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால் குதிரையை வையுங்கள். நான்காம் பயணத்தில் ஒரு ராஜாவும் பிரபுக்களும் சேணம் இல்லாமல் குதிரை ஏறுவதைப் பார்த்து, சிந்துபாத் தச்சனிடம் கட்டை அறுத்து வாங்கி, கம்பளி அடைத்து, தோல் போர்த்தி, கொல்லனிடம் அங்கவடி அடித்து ஒரு சேணம் செய்து கொடுப்பான். அதைப் பார்த்து ஊரே சேணம் கேட்கும், பணம் கொட்டும். 13ஆம் நூற்றாண்டில் மாபார் என்று அரபுகள் சொன்ன பாண்டியக் கரைக்கு ஆண்டுக்கு 1400 குதிரை அனுப்ப பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவு வியாபாரி ஜமாலுத்தீன் ஒப்பந்தம் வைத்திருந்ததை பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். இங்குள்ளவர்களுக்குக் குதிரை பராமரிக்கத் தெரியாமல் அவை சீக்கிரம் செத்துப்போகின்றன என்று மார்கோ போலோ குறைப்பட்டிருக்கிறார். சிந்துபாத் இங்கே வந்தான் என்று சொல்லாமலே, இடையில் ஒரு பிள்ளை வந்து இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டுப் போகலாம். காலம் வேறு என்பதையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் காமிக்ஸ்:

காக்கா சொன்னது அசல். நான் ஒட்டுக்காரன், அந்தப் பக்கத்தைச் சொல்றேன்.

தமிழ்நாட்டுக்கு சிந்துபாத்னா அது தினத்தந்தியோட கன்னித்தீவுதான். 1960ல தொடங்கினது. மந்திரவாதி மூசா, கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கின லைலா ரெண்டு பேருமே அரபுக் கதையில கிடையாது. ஆனா 1958ல வந்த 'சிந்துபாத்தின் ஏழாவது பயணம்' ஆங்கிலப் படத்துல மந்திரவாதி ஒரு இளவரசியை உள்ளங்கை அளவுக்குச் சுருக்குறான். அவளைப் பழையபடி ஆக்க ருக் பறவை முட்டை ஓடு வேணும்னு கப்பல் கிளம்புது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, நான் வேற எதுவும் சொல்லலை. அந்தப் படத்துக்குப் பேருதான் ஏழாவது பயணம். உள்ள இருக்கறது ரெண்டாவது, அஞ்சாவது பயணத்து ருக்கும் மூணாவது பயணத்து ராட்சசனும்தான். ஏழாவது பயணத்துல இருந்து ஒரு காட்சி கிடையாது.

ஏன் இளவரசியைச் சேர்க்கணும்? அசல் கதையில பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. சொல்றவனே சிந்துபாத். சோறு சாப்பிட்டு, திண்டுல சாய்ஞ்சு, பழங்கதை சொல்றான். அவன் சாகமாட்டான்னு முதல் வரியிலயே தெரிஞ்சுபோகுது. சினிமாவுக்குப் பதற்றம் வேணும்னா வேற ஒரு உயிரைப் பணயம் வைக்கணும். அதுக்குத்தான் இளவரசி. அவளைப் பிடிச்சு வைக்க வில்லன் வேணும், வில்லனை அடிக்க வாள் வேணும், கப்பலைத் திருப்ப அதிகாரம் வேணும். இப்படித்தான் வியாபாரி கேப்டன் ஆனான். தினசரிப் படக்கதைக்கு வேற தேவை. ஒவ்வொரு நாளும் கடைசிக் கட்டத்துல ஒரு ஆபத்து தொங்கணும், மறுநாள் அது தீர்ந்து அடுத்தது வரணும். ஏழு பயணத்தோட முடிஞ்சு வீட்ல உட்கார்ந்துட்டா பேப்பர் எப்படி ஓடும்? அதனாலதான் நம்ம சிந்துபாத் வீடு திரும்புறதே இல்ல.

மத்த படங்களை வேகமாச் சொல்லிடறேன். 1936 பாப்பாய் கார்ட்டூன்ல சிந்துபாத்தே வில்லன். 1973ல வந்த படத்துல ஆறு கை காளி சிலை உயிர் பெற்று வாள்சண்டை போடும். அரபுக் கதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, கிழக்குன்னா எல்லாம் ஒண்ணுதான்னு நினைப்பு. 2003 டிரீம்வொர்க்ஸ் கார்ட்டூன்ல பாக்தாத்தே காணோம், கதை சிராகூஸ்ல நடக்குது, எதிரி கிரேக்க தேவதை எரிஸ். உடுப்பு விஷயத்துல நம்ம ஆளுங்க கண்ணுக்குப் பழகினது 1956 'அலிபாபாவும் 40 திருடர்களும்' மாதிரியான பாக்தாத்: பளபளக்குற அரைக்கை கோட்டு, உப்பின கால்சட்டை, வளைஞ்ச வாள். உங்க ஆளுக்கு அது வேண்டாம். கணுக்கால் வரைக்கும் வெள்ளை அங்கி, இடுப்புல துணிக்கச்சை, தலைப்பாகை போதும். தலைப்பாகைத் துணி அஞ்சு மீட்டராவது இருக்கட்டும், ருக் காலோட கட்டிக்கறதுக்கு அதைத்தானே அவிழ்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. லைலா, மூசா ரெண்டு பேரையும் மேடையேத்தாதீங்க. அது பத்திரிகையோட சொத்து. அரபுக் கதை யாருக்கும் பொது.

தொண்டி தச்சன்:

டீச்சர், கப்பலுக்கு வருவோம். படத்துல வர்ற நாலு சாமானை முதல்ல தூக்கிருங்க. வட்டச் சக்கர சுக்கான் வேண்டாம், அது 18ஆம் நூற்றாண்டு சரக்கு. தொலைநோக்கி 1608க்குப் பிறகு. பீரங்கி கிடையாது. பாய்ல மண்டை ஓடு கிடையவே கிடையாது.

அந்தக் காலத்து அரபுக் கப்பல் தைச்ச கப்பல். ஆணி அடிக்கிறதில்லை. பலகை ஓரத்துல வரிசையாத் துளை போட்டு, மூட்டு மேல தேங்காய்த் தும்பைத் திரிச்சு வச்சு, அதுக்கு மேல தேங்காய்க் கயிறு ஓட்டி இறுக்குறது. உள்ள ஒருத்தர், வெளிய ஒருத்தர் நின்னு கட்டையால நெம்பி இழுப்பாங்க. காந்த மலை ஆணியை இழுத்துக்கும்னு ஆயிரத்தொரு இரவுகள்ல ஒரு கதை வருது. நிஜ லாபம் வேற: கயிறு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், மணல்ல தட்டினாலும் பலகை பிளக்காது. நஷ்டமும் உண்டு. துளை வழியா தண்ணி கசிஞ்சுகிட்டே இருக்கும், இறைச்சுக்கிட்டே போகணும். கயிறு மக்கினா பிரிச்சுத் திரும்பத் தைக்கணும். இந்தோனேசியாவில பெலித்துங் தீவுப் பக்கம் 1998ல கண்டுபிடிச்ச கப்பல் இப்படித் தைச்சதுதான். உள்ள கிட்டத்தட்ட 60,000 சீனப் பாத்திரம், அதுல ஒரு கிண்ணத்துல 826ஆம் ஆண்டுக்கான தேதி. ஹாரூன் காலத்துக்கு ஒட்டின மாதிரிதான். 1980ல டிம் செவரின்ங்கிற கடல் பயணி ஓமன் நாட்டு சூர்ல மலபார் மரத்தையும் தேங்காய்க் கயித்தையும் வச்சு சோஹார்னு ஒரு கப்பல் கட்டி, மஸ்கட்ல இருந்து கோழிக்கோடு, இலங்கையோட காலி துறைமுகம் வழியா 1981 ஜூலையில சீனாவில கான்டன் வரைக்கும் ஓட்டிக் காட்டினாரு. இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் நடுவுல காத்து செத்து நாள்கணக்கா மிதந்து கிடந்தாங்க. உங்க நாடகத்துக்கு அது ஒரு நல்ல காட்சி, புயலைவிட மலிவு.

மாதிரிப் படம் வேணும்னா மகாமாத்ங்கிற அரபுக் கதை நூலுக்கு 1237ல வாசித்தி வரைஞ்ச ஓவியத்துல ஒரு கப்பல் இருக்கு, தேடுங்க. தையல் பல்லுப் பல்லாத் தெரியும். அதுல பின்னால சுக்கான் வரைஞ்சிருக்கு. ஹாரூன் காலத்துக்கு அதைப் போடாம, பின்பக்கம் ஓரத்துல ஒரு நீளத் துடுப்பு கட்டி அதாலயே திருப்புங்க.

இனி வேலை. பார்வையாளருக்குத் தெரியுற ஒரு பக்கம் மட்டும் போதும். 12 அடி நீளம், 1 அடி அகலத்துல மூணு பட்டை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வர்ற அட்டைப்பெட்டி நல்லது, ரெண்டு அடுக்கா ஒட்டுங்க. பட்டை ஓரத்துல 2 அங்குல அகலத்துக்குப் பழைய சீலைத் துணியை மைதாப் பசையால முன்னும் பின்னும் ஒட்டி, ரெண்டு நாள் வெயில்ல காயட்டும். காய்ஞ்ச பிறகுதான் துளை போடணும், ஈரத்துல போட்டா அட்டை பஞ்சாப் பிஞ்சிடும். ஓரத்துல இருந்து 1 அங்குலம் உள்ள தள்ளி, 2 அங்குலத்துக்கு ஒரு துளை, 6 மி.மீ. அளவு. ஓரத்தை ஒட்டிப் போட்டீங்கன்னா இழுக்கும்போது கிழிச்சுக்கிட்டு வந்துரும், எல்லாரும் பண்ற தப்பு அதுதான்.

ஒரு மூட்டுக்கு மேல் வரிசை 72, கீழ் வரிசை 72 துளை வரும். மூணு பட்டைக்கு ரெண்டு மூட்டு. விரல் தடிமனுக்குத் தும்பைத் திரிச்சு மூட்டு மேல வச்சு, பெருக்கல் குறி மாதிரி மாத்தி மாத்தித் தையுங்க. 4 மி.மீ. தேங்காய்க் கயிறு 50 மீட்டர் வாங்குங்க, 45 போகும். புதுக் கயிறு நீளும். முதல் நாளே நனைச்சு, ரெண்டு மரத்துக்கு நடுவுல இழுத்துக் கட்டிக் காயப்போட்டாத்தான் பிறகு தொய்யாது. நைலான் கயிறு வேண்டாம், முன்வரிசை ஆளுக்குத் தெரிஞ்சுபோகும். அணியம், அதாவது கப்பலோட முன்பக்கம், கடைசி 3 அடியை மேல வளைச்சு வெட்டுங்க. பின்னால 3 அடிக்கு ஒரு மூங்கில் முட்டு.

பாய் எந்த வடிவம்னு படிச்சவங்களுக்குள்ள இன்னும் வாதம் இருக்கு. செவரின் கப்பல் மாதிரி முக்கோணமா வச்சுக்கங்க. எட்டு முழ வேட்டி ஒண்ணு போதும். மூலைக்கு மூலை வெட்டினா ரெண்டு முக்கோணம். ஒண்ணைத் திருப்பிப் போட்டு, வெட்டாத நீள ஓரத்தோட வெட்டாத நீள ஓரம் சேர்த்துத் தைச்சா சுமார் 12½ அடி, 12½ அடி, 8 அடிப் பாய். திருப்பாமத் தைச்சா முக்கோணம் வராது, வெறும் இணைகரம்தான் வரும். டீத்தூள் கொதிக்க வச்ச தண்ணில முக்கி எடுங்க, வெள்ளை வெளேர்னு இருந்தா கல்யாண வேட்டின்னு தெரியும். 13 அடி மூங்கிலைப் பருமலா, அதாவது பாயைத் தாங்குற குறுக்குக் கட்டையா, ஒரு நீள ஓரத்துல கட்டி, 9 அடிப் பாய்மரத்துல சாய்வாத் தொங்கவிடுங்க, முன்முனை அணியத்தைப் பார்த்துத் தாழ்ந்து, பின்முனை மேல. மேடைக் கூரை தாழ்வுன்னா இன்னும் சாய்ங்க. பாய்மரத்தடில மணல் சாக்கு ரெண்டு. பக்கத்துல நிக்கிற ஃபேனைத் தள்ளி வைங்க. காத்து பாயில விழுந்தா அட்டைக் கப்பல் சாய்ஞ்சு பிள்ளைங்க மேல விழும்.

தொலைநோக்கிக்குப் பதிலா மாலுமிக்கு விரல் போதும். கையை நீட்டி, கடல் விளிம்புக்கும் வடக்கு வெள்ளிக்கும் (துருவ நட்சத்திரம்) நடுவுல எத்தனை விரல்னு பார்க்குறது. அரபு மாலுமி கணக்குல ஒரு விரல் சுமார் 1.6 பாகை (டிகிரி). ராமேஸ்வரம் 9 பாகைல இருக்கு, இன்னைக்கு வானத்துல இங்க சுமார் ஆறு விரல். இலங்கைத் தென்முனைல நாலு விரல்கூட வராது. "வெள்ளி ரெண்டு விரல் இறங்கிருச்சு, சரந்தீப் முனை வந்தாச்சு"ன்னு ஒரு வசனம் வைங்க. இதுக்கே பிறகு சின்னப் பலகையும் முடிச்சுப் போட்ட நூலும் வந்துச்சு. நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டுப் பார்ப்பாங்க. நம்ம கரைல அதுக்குப் பேர் ராப்பலகை.

முயல்தீவு:

சக்கர சுக்கான் இல்லாத சிந்துபாத்தா? என் பையன் ஒத்துக்கவே மாட்டான்.

மண்டபம் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. முதல் பயணத்தில் தீவு என்று நம்பி இறங்கும் தீவு மீன், இரண்டாம் பயணத்து ருக், நான்காம் பயணத்துச் சேணம், ஐந்தாம் பயணத்துத் தேங்காய் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். அந்த நான்காம் பயணத்தில், மனைவி இறந்ததும் கணவனையும் சேர்த்துக் குகையில் இறக்கிவிடும் பகுதி வருகிறது. உள்ளே அவன் செய்வதைப் படித்ததும் திக்கென்றது. அதை என்ன செய்வது? ருக் பறவையை எப்படிக் காட்டுவது?

தேவிபட்டினம் காமிக்ஸ்:

குகையை மொத்தமாத் தூக்கிருங்க டீச்சர். சினிமாக்காரங்க தொடாம விட்டதுக்குக் காரணம் இருக்கு. புதுசா இறக்கப்படுறவங்களை எலும்பால அடிச்சுக் கொன்னு, அவங்களோட இறக்கின ரொட்டியையும் தண்ணியையும் எடுத்துக்கறான். அவனை நாயகனா வச்சு எட்டாம் வகுப்பு நாடகமா? சேணத்தோட நிறுத்துங்க.

கீழக்கரை காக்கா:

எனக்கு உடன்பாடு இல்லை, தம்பி. சேணத்தால் வந்த செல்வாக்கில்தானே ராஜா அவனுக்குப் பெண் பார்த்துக் கட்டிவைக்கிறார். அந்தக் கல்யாணம்தான் அவனைக் குகையில் இறக்குகிறது. பாதியில் வெட்டினால் சேணமும் வெறும் சாமர்த்தியக் கதையாகிவிடும். கொலையை நடித்துக் காட்ட வேண்டாம். விளக்கை அணைத்து, கயிற்றில் ஒரு குடம் தண்ணீரும் ஏழு ரொட்டியும் இறங்குவதை மட்டும் காட்டுங்கள். அவனோடு இறக்கிய பங்கு அதுதான். பிறகு சுமைதூக்கி, "ஏழு ரொட்டி எத்தனை நாளைக்கு வந்தது?" என்று கேட்கட்டும். மற்றவன் பதில் சொல்லாமல், ஒரு மிருகம் போன தடத்தைப் பிடித்து வெளியே வந்ததைச் சொல்லட்டும். புரிகிற வயதுக்காரருக்குப் புரியும். சினிமா இவனைக் கழுவித் துடைத்து நல்லவனாக்கிவிட்டது. பசியும் பேராசையும் உள்ள ஆளாக இருந்ததால்தான் ஒவ்வொரு முறையும் திரும்பக் கப்பல் ஏறினான்.

ஏர்வாடி நாடகக்குழு:

குகை பற்றிக் காக்கா சொன்னது மேடையில் எடுபடும். ஆனால் அரங்கம் முழு இருட்டாக இருக்க வேண்டும், திறந்தவெளி மேடையில் மாலை ஏழு மணிக்கு முன் வைத்தால் வீண்.

ருக்குக்கு நிழல்தான் சரி. அட்டையில் பறவை செய்து தூக்கிக்கொண்டு ஓடினால் கோழி மாதிரி இருக்கும். பின்திரையாக வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்து இறுக்கமாகக் கட்டுங்கள். திரைக்குப் பின்னால் 10 அடியில் ஒரே ஒரு சிறிய, பலமான விளக்கு. டியூப்லைட்டோ அகலப் பேனலோ வேண்டாம். வெளிச்சம் பல இடத்திலிருந்து வந்தால் நிழலின் ஓரம் கலங்கிவிடும். 2 அடிச் சிறகுள்ள அட்டைப் பறவையை விளக்கிலிருந்து 5 அடியில் பிடித்தால் திரையில் 4 அடி. அதையே விளக்குப் பக்கம் இரண்டரை அடிக்குக் கொண்டுபோனால் 8 அடி. திரையை ஒட்டித் தொடங்கி, மெதுவாக விளக்கை நோக்கி நடந்தால் பறவை கிட்ட வருவதுபோல் சிறகு விரியும். சிறகைத் தனித்தனியாக வெட்டி, கோணி ஊசி நூலால் தோளில் மூட்டி, குச்சியால் அசையுங்கள். 10 அடி இடம் வேண்டுமென்றால் மேடையின் 12 அடி ஆழத்தில் நடிக்க 2 அடிதான் மிஞ்சும், அதனால் விளக்கை மேடைக்குப் பின்கதவு வெளியே வைக்க வழி பாருங்கள். முடியாவிட்டால் 6 அடியில் விளக்கு, ஒன்றரை அடியில் பறவை, அதே நான்கு மடங்குதான்.

தீவு மீனுக்கு அலங்காரமே தேவையில்லை. தரையில் பச்சைச் சாக்கு, அதன்மேல் அடுப்பு மூட்டுகிறார்கள். சாக்குக்கு அடியில் குனிந்திருக்கும் ஆறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுந்தால் போதும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டதை ஒரு வசனத்தில் சொல்லுங்கள், நம் ஊர் ஜனங்களுக்குச் சட்டென்று உறைக்கும்.

மேடை அலங்காரத்துக்குப் பவளப்பாறைத் துண்டு எடுக்காதீர்கள். வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தீவில் இறங்கிப் படம் எடுப்பதும் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது.

வாலிமுனை:

டீச்சர், கீழக்கரைப் பெயரை எடுத்துவிட்டாலும் முத்தை எடுக்கத் தேவையில்லை. ஐந்தாம் பயணத்தில் தேங்காய் மிளகான பிறகு அவன் ஒரு முத்துச் சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிக்கும் இடத்துக்கு வருகிறான். குளியாளிகளுக்குத் தேங்காய் கொடுத்து, "என் பேருக்கு ஒரு குளி குளிங்கள்" என்கிறான். ஊர்ப்பெயர் இல்லை. மன்னார் வளைகுடாவாகவும் இருக்கலாம், பாரசீக வளைகுடாவாகவும் இருக்கலாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

சினிமாவில் குளியாளி வாயில் கத்தியோடு பாய்ந்து, அடியிலேயே சிப்பியைத் திறந்து முத்தை எடுப்பான். நடந்தது அப்படியல்ல. 15 கிலோ அளவுள்ள கல்லில் கால் வைத்து, கல்லின் எடையிலேயே நேராக இறங்குவார்கள். அரபுக் குளியாளி மூக்கில் கொம்புக் கவ்வி மாட்டிக்கொள்வான், நம் ஆட்கள் விரலால் பொத்திக்கொள்வார்கள். கயிறு இரண்டு: ஒன்று கல்லுக்கு, ஒன்று சிப்பி அள்ளும் வலைப்பைக்கு. அடி தொட்டதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். ஒரு நிமிடம் போல் அள்ளிவிட்டுப் பைக்கயிற்றைச் சுண்டினால் மேலே நிற்பவர் இழுப்பார். கயிறு பிடிப்பவர் கண் எடுக்கக் கூடாது. நடிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிவையுங்கள், பலரும் பார்வையாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். படகில் கடல்கட்டி ஒருவரை உட்காரவைத்தால் இன்னும் நன்று. சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்பவர். அவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு போனதாக மார்கோ போலோ எழுதியிருக்கிறார். உங்களுக்கு மந்திரவாதி வேண்டுமென்றால் இவரே இருக்கிறார்.

சிப்பியைத் திறக்காமல் குவியலாகவே ஏலம் விடுவார்கள். வாங்கியவர் கரையில் அழுகவிட்டு, கழுவி, சலித்துத்தான் பார்க்க முடியும். பெரும்பாலான சிப்பியில் ஒன்றும் இருக்காது. நம் பக்கம் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961ல். அதனால் சிந்துபாத் அந்தக் காட்சியில் முத்தைக் கையில் தூக்கிக் காட்டக் கூடாது. மூக்கைப் பொத்திக்கொண்டு நாறும் குவியலைச் சுற்றி நடந்து, விலை பேசட்டும். குவியலுக்கு மட்டிச் சிப்பி ஓடு ஒரு சாக்கு கிடைக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஓரத்தைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் கை கிழியும்.